எண்டோஸ்கோப்பியில் சாச்சுரேஷன் இறங்காமல் காப்பது: நேசல் பிராங்ஸா, ஹைஃப்ளோவா, வேறு வழியா?

சிறு நகரங்களில் எண்டோஸ்கோப்பி பிரிவு நடத்தும் மருத்துவர்களும், அங்கே பணிபுரியும் மயக்கவியல் மருத்துவர்களும் செவிலியர்களும் அடிக்கடி முன்வைக்கும் கேள்வி ஒன்றுண்டு. மயக்கமருந்து கொடுத்து இரைப்பையையோ பெருங்குடலையோ ஸ்கோப் வழியே பார்க்கும்போது நோயாளியின் சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் சதவீதம்) இறங்குகிறது. அதைத் தடுக்க மூக்கின் வழியே மிகுந்த ஓட்டத்தில் ஆக்சிஜன் செலுத்தும் ஹைஃப்ளோ கருவிக்கு மாறுவதா, எண்டோஸ்கோப்பிக்கென்றே வரும் முகக்கவசங்களை வாங்குவதா, வெளிவிடும் கரியமில வாயுவை அளந்து மூச்சை அலையாகக் காட்டும் கேப்னோகிராபி வாங்குவதா, அல்லது மூக்கில் மாட்டும் வழக்கமான இருமுனைக் குழாயான நேசல் பிராங்ஸே போதுமா என்பதுதான் அக்கேள்வி. கொரோனா காலத்தில் வாங்கிய ஹைஃப்ளோ கருவிகள் பல மருத்துவமனைகளில் இன்று வேலையின்றிக் கிடப்பதால், இருப்பதையே எடுத்துப் பயன்படுத்தினால் என்ன என்ற யோசனையும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் கொடுப்பது வேறு, மூச்சு நடப்பது வேறு. சந்தையில் உள்ள கருவிகளுள் பல முன்னதைச் செய்கின்றன. நோயாளி ஆபத்துக்குள்ளாவதோ பெரும்பாலும் பின்னது தடைப்படுவதால். ஆகவே ஒரு பிரிவு செலவிடும் முதல் ரூபாய் மூச்சைக் காட்டும் கருவிக்கும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஆளுக்கும் போக வேண்டும். ஆக்சிஜனை எந்த வழியாகக் கொடுப்பது என்பது அதற்கு அடுத்த முடிவு. அம்முடிவை நோயாளிக்கு நோயாளி மாற்றித்தான் எடுக்க வேண்டும்.

## சாச்சுரேஷன் ஏன் இறங்குகிறது

முறைகளை ஒப்பிடுவதற்கு முன் காரணங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மயக்கம் ஆழமாகும்போது நாக்கின் அடிப்பகுதியும் மென்அண்ணமும் பின்னே சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கின்றன. இதுவே மிகப் பொதுவான காரணம். பல்லிடையில் வைக்கும் மௌத் கார்டு தாடையைக் கீழே இறக்கிப் பின்னே தள்ளுவதால் இந்த அடைப்பு கூடுகிறது. தொண்டைக்குள் கிடக்கும் ஸ்கோப்பும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது, புரோபோஃபால் போன்ற மயக்கமருந்தைச் சற்று வேகமாகச் செலுத்தும்போது மூளை மூச்சுக்கான கட்டளையையே சிறிது நேரம் நிறுத்திவிடுவது. மூன்றாவது, இரைப்பைக்குள் செலுத்தும் காற்று உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலின் இருப்பைக் குறைப்பது. நான்காவது, குரல்வளை இறுகுவதும், இரைப்பையில் உள்ளது மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதும். இவை அரிது, ஆனால் நேர்ந்தால் கொடியவை.

மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் ஏறத்தாழ 2.5 லிட்டர் காற்று தங்கியிருக்கிறது. ஓய்வில் இருக்கும் பெரியவரின் உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தவருக்கு அந்த இருப்பில் அரை லிட்டருக்கும் குறைவான ஆக்சிஜனே இருக்கும் என்பதால், மூச்சு நின்றால் ஓரிரு நிமிடத்தில் சாச்சுரேஷன் சரியத் தொடங்கும். முன்கூட்டியே முழு ஆக்சிஜன் கொடுத்து நிரப்பியிருந்தால், ஆரோக்கியமான பெரியவர் ஏறத்தாழ 8 நிமிடம் தாங்குவார். அதே அளவு நிரப்பியிருந்தாலும், மிகுந்த உடற்பருமன் உள்ளவர் 3 நிமிடம் தாங்குவதே அரிது. மேல்நிலைத் தொட்டி நிறைந்திருந்தால் மோட்டார் நின்ற பிறகும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருப்பதைப் போன்றது இது: குழாயில் வரும் தண்ணீரைப் பார்த்து மோட்டார் ஓடுகிறது என்று முடிவு செய்ய முடியாது. மானிட்டரில் 99 என்று காட்டுவதாலேயே நோயாளி மூச்சு விடுகிறார் என்று பொருள்கொள்ளவும் முடியாது.

சாச்சுரேஷன் 90 சதவீதம் என்பது தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 60 மி.மீ. பாதரசம் என்பதைக் குறிக்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை வரைந்தால், அதற்கு மேலே வளைவு தட்டையாக இருக்கிறது. அதற்குக் கீழே செங்குத்தாக விழுகிறது. 95-இலிருந்து 90 வரை மெல்ல இறங்கியது, 90-இலிருந்து 75 வரை கண்ணெதிரே சரியும். விரலில் மாட்டிய கருவி இதை அரை நிமிடம் வரை தாமதித்தே சொல்லும்.

## எந்த அளவுகோல்களால் எடைபோடுவது

ஐந்து கேள்விகளை ஒவ்வொரு முறையிடமும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அது அடைப்பைத் திறக்கிறதா, இருப்பை நிரப்புகிறதா, நின்ற மூச்சுக்குப் பதிலாக நாம் காற்றைச் செலுத்த வழி தருகிறதா? மூச்சு நடப்பதை நாம் பார்க்க உதவுகிறதா, அல்லது மறைக்கிறதா? ஸ்கோப் உள்ளே இருக்கும்போதே மீட்பு நடவடிக்கை எடுக்க இடம் தருகிறதா? ஆக்சிஜன், பயன்படுத்தி எறியும் பொருள்கள், நேரம், ஆள் ஆகியவற்றில் எவ்வளவு கேட்கிறது? அது தோற்றால், அடுத்து செய்யக்கூடியது என்ன? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. வாங்கும் முடிவைப் பெரும்பாலும் மாற்றிவிடக்கூடியது அதுதான்.

## மயக்கமின்றிச் செய்வது

ஒப்பீட்டில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் தெரிவு இது. தொண்டையை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஸ்பிரே அடித்து, மயக்கமருந்தே இல்லாமல் இரைப்பை எண்டோஸ்கோப்பி செய்வது நம் நாட்டில் பரவலான வழக்கம். ஐந்து நிமிடத்தில் முடியும் நோயறிதல் பரிசோதனைக்கு, ஒத்துழைக்கக்கூடிய நோயாளிக்கு, இது முழுக்க ஏற்புடையது. மூச்சு விழித்திருக்கிறது, இருமல் விழித்திருக்கிறது. ஆக்சிஜன் இறங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மூக்கின் வழியே செல்லும் 5 முதல் 6 மி.மீ. தடிமன் கொண்ட மெல்லிய ஸ்கோப் கிடைக்கும் இடங்களில் இது இன்னும் எளிதாகிறது.

குமட்டலும் அச்சமும் இதன் மறைவான செலவு. திமிறும் நோயாளியில் பரிசோதனை அரைகுறையாக முடியக்கூடும். இந்த அனுபவத்துக்குப் பிறகு மறுபரிசோதனைக்கு அவர் வராமலே போகக்கூடும். ஆகவே ‘எல்லோருக்கும் ஸ்பிரே போதும்’ என்பதும் தவறு, ‘எல்லோருக்கும் புரோபோஃபால்’ என்பதும் தவறு. கடும் மூச்சுநோய் உள்ள முதியவருக்குச் சிறு பரிசோதனை என்றால், நான் முதலில் கேட்கும் கேள்வி இவருக்கு மயக்கம் தேவையா என்பதே.

மயக்கம் தேவையென்றால் மருந்தின் அளவே முதல் தடுப்பு. பிரிட்டனில் 2004-ஆம் ஆண்டு வெளிவந்த தேசிய ஆய்வறிக்கை ஒன்று, சிகிச்சை எண்டோஸ்கோப்பிக்குப் பின் நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்தபோது, முதியவர்களுக்கு மிடசோலம் என்னும் தூக்கமருந்து அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. மிடசோலத்தின் முழு விளைவு தெரிய ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ‘இன்னும் தூங்கவில்லை’ என்று அடுத்த மில்லிகிராமைச் செலுத்துவதுதான் பின்னர் வரும் சிக்கலின் தொடக்கம். மிடசோலத்துடன் ஃபென்டனில் என்னும் வலிநீக்கி சேரும்போது மூச்சை அடக்கும் விளைவு கூட்டலாக அல்ல, பெருக்கலாக வருகிறது. இவ்விரண்டுக்கும் முறையே ஃபுளுமாசெனில், நலாக்சோன் என்ற மாற்று மருந்துகள் உண்டு. புரோபோஃபாலுக்கு அப்படி எதுவும் இல்லை. அது தானே கலையும் வரை மூச்சுப்பாதையைக் காக்கத் தெரிந்தவர் அருகில் இருந்தே ஆக வேண்டும்.

## நேசல் பிராங்ஸ்

விலை மிகக் குறைவு, எங்கும் கிடைக்கும், ஸ்கோப்புக்கு இடையூறு இல்லை. நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டத்தில் உள்ளே செல்லும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 28 சதவீதமும், 4 லிட்டரில் 36 சதவீதமும் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. 6 லிட்டருக்கு மேல் போனால் ஈரமற்ற வாயு மூக்கை உலர்த்தி எரிச்சல் தரும்.

ஆரோக்கியமானவருக்கு, குறுகிய நேரப் பரிசோதனைக்கு, இதுவே போதும். ஆனால் இதைப் பயன்படுத்தும் முறையில்தான் குறை நேர்கிறது. சாச்சுரேஷன் இறங்கிய பிறகு பிராங்ஸை மாட்டும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மூச்சு அடைபட்ட பிறகு மூக்கில் வரும் ஆக்சிஜன் எங்கே போகும்? மருந்துக்கு முன்பே, நோயாளி விழித்து ஆழமாக மூச்சு விடும்போதே, மூன்று நிமிடமாவது ஆக்சிஜன் கொடுத்து இருப்பை நிரப்ப வேண்டும். செலவே இல்லாத இந்த மாற்றம் தரும் பலன் பெரிது.

இது அடைப்பைத் திறக்காது, நின்ற மூச்சை ஈடுசெய்யாது. அந்த வேலையை ஒரு மனிதரின் கைதான் செய்கிறது: காதுமடலுக்குக் கீழே தாடை எலும்பு வளையும் மூலையில் இரு பக்கமும் விரல்களைக் கொக்கிபோல் மாட்டி, கீழ்ப்பல் வரிசை மேல்பல் வரிசைக்கு முன்னே வரும்வரை தாடையை உயர்த்திப் பிடிப்பது. எண்டோஸ்கோப்பியில் இறங்கும் சாச்சுரேஷன்களில் பெரும்பகுதி இந்த ஒரே செயலால் ஏறிவிடும். ஸ்கோப் பிடிப்பவர், உதவியாளர், மயக்கம் கொடுப்பவர் என்று மூவர் இருக்க வேண்டிய அறையில் இருவர் மட்டும் இருந்தால், இக்கைக்கு ஆள் இராது. அங்கே எந்தக் கருவியும் பாதுகாப்பாகாது.

## எண்டோஸ்கோப்பி முகக்கவசம்

ஸ்கோப் நுழைய நடுவில் நெகிழும் திறப்பும், கரியமில வாயுவை மாதிரி எடுக்கத் தனி வழியும் கொண்ட முகக்கவசங்கள் இப்போது கிடைக்கின்றன. சாதாரண முகக்கவசத்தில் கத்தரியால் ஓட்டை வெட்டிப் பயன்படுத்தும் நம்மூர் வழக்கத்தின் செம்மையான வடிவம் இது. வாய், மூக்கு இரண்டையும் மூடுவதால், வாயால் மூச்சு விடுபவருக்கும் பயன்படுகிறது. பிராங்ஸைவிடக் கூடுதல் செறிவில் ஆக்சிஜன் தருகிறது. ஓட்டம் 6 முதல் 10 லிட்டர் என்ற அளவிலேயே இருப்பதால் சிலிண்டரை விரைவில் காலியாக்குவதில்லை.

ஒரு முறை பயன்படுத்தி எறிவது என்பதால், நாள்தோறும் பல நோயாளிகளைப் பார்க்கும் பிரிவில் செலவு சேர்ந்துகொண்டே போகும். அழுத்தத்துடன் காற்றைச் செலுத்த இதனால் இயலாது. மூச்சு நின்றால் இதைக் கழற்றி, கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை எடுக்கத்தான் வேண்டும். நடுத்தர ஆபத்துள்ள நோயாளிகள் அதிகம் வரும், குழாய் ஆக்சிஜன் வசதி குறைவான பிரிவுக்கு இது ஹைஃப்ளோவைவிடப் பொருத்தமான முதலீடு என்றே நினைக்கிறேன்.

## ஹைஃப்ளோ நாசி ஆக்சிஜன்

சூடாக்கி ஈரமேற்றிய வாயுவை நிமிடத்துக்கு 60 லிட்டர், சில கருவிகளில் 70 லிட்டர் வரை மூக்கின் வழியே செலுத்துவது இம்முறை. ஈரமும் சூடும் இருப்பதால் இவ்வளவு ஓட்டத்தையும் நோயாளி தாங்குகிறார். தொண்டையின் மேற்பகுதி முழுவதும் ஆக்சிஜனால் நிரம்பியிருப்பதால், மூச்சுப்பாதை திறந்திருக்கும் வரை, மூச்சு சிறிது நேரம் நின்றாலும் இருப்பு தொடர்ந்து நிரம்புகிறது.

சான்றுகள் வலுவானவை. ஷாங்காய் நகர மருத்துவர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், புரோபோஃபாலுடன் இரைப்பை எண்டோஸ்கோப்பி செய்துகொண்ட 1,994 பேரில், வழக்கமான பிராங்ஸ் குழுவில் 8.4 சதவீதம் பேருக்குச் சாச்சுரேஷன் 90-க்குக் கீழே இறங்கியது. ஹைஃப்ளோ குழுவில் ஒருவருக்கும் இறங்கவில்லை. பிரான்ஸில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு, ஆபத்துக் காரணிகள் உள்ள 379 பேரைச் சேர்த்துக்கொண்டது. சாச்சுரேஷன் 92 அல்லது அதற்குக் கீழே இறங்கியவர்கள் வழக்கமான முறையில் 33.5 சதவீதம், ஹைஃப்ளோவில் 9.4 சதவீதம். பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 28-க்குக் குறையாதவர்களைக் கொண்டு சீனாவில் அண்மையில் நடந்த பல மைய ஆய்வில், 21.2 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் தாழ்வு 2 சதவீதமாகக் குறைந்தது. மாறாக, மிகுந்த உடற்பருமன் உள்ளோரின் கொலோனோஸ்கோப்பியில் (பெருங்குடல் எண்டோஸ்கோப்பி) நடந்த ஒரு சிறிய ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷாங்காய் ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கிடைத்தது நிமிடத்துக்கு 2 லிட்டர் மட்டுமே. 5 லிட்டர் கொடுத்து, முன்கூட்டியே நிரப்பி, தாடையைப் பிடிக்கும் ஒரு பிரிவு அந்த ஒப்பீட்டுக் குழுவைவிட ஏற்கெனவே மேலான நிலையில் இருக்கிறது. ஹைஃப்ளோவுக்கு மாறினால் அங்கே கிடைக்கும் கூடுதல் பயன் அந்த எண்கள் காட்டுவதைவிடச் சிறிதாகவே இருக்கும். இது ஆய்வின் குறையன்று. அதை நம் அறைக்குள் கொண்டுவரும்போது நாம் செய்ய வேண்டிய திருத்தம்.

மறைந்த செலவுகளுள் முதன்மையானது ஆக்சிஜனே. முழுச் செறிவில் 60 லிட்டர் ஓட்டத்தில் பத்து நிமிடத்துக்கு 600 லிட்டர் செலவாகும். 4 லிட்டர் பிராங்ஸுக்கு அதே நேரத்தில் 40 லிட்டர். நம் மருத்துவமனைகளில் உள்ள பெரிய டி வகை சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 7,000 லிட்டர், சிறிய பி வகையினுடையது 1,500 லிட்டர். ஆக, ஹைஃப்ளோவில் டி சிலிண்டர் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், பி சிலிண்டர் 25 நிமிடத்திலும் தீர்ந்துவிடும். காலையில் பன்னிரண்டு நோயாளிகள் என்றால் ஒரு டி சிலிண்டர் போதாது. சிலிண்டரை நம்பி இயங்கும் பிரிவில், ஒரு நோயாளிக்குச் செய்த பாதுகாப்பு அடுத்த நோயாளிக்கு ஆபத்தாக முடியக்கூடாது.

இரண்டாவது, பலர் அறியாமல் ஏமாறும் இடம். உள்ளேயே காற்றை உறிஞ்சி ஆக்சிஜனுடன் கலக்கும் வகைக் கருவியைச் சுவரில் உள்ள சாதாரண 15 லிட்டர் ஓட்ட அளவியுடன் இணைத்தால், 60 லிட்டர் மொத்த ஓட்டத்தில் 15 லிட்டர்தான் ஆக்சிஜன். எஞ்சிய 45 லிட்டர் அறைக்காற்று. கணக்குப் போட்டால் செறிவு ஏறத்தாழ 41 சதவீதமே வருகிறது. திரையில் 60 என்ற எண்ணைப் பார்த்து முழு ஆக்சிஜன் போவதாக நம்பிவிடுவர். உயர் ஓட்ட அளவியோ, முழு அழுத்தக் குழாய் இணைப்போ இல்லாமல் இக்கருவியின் பெரும்பயனைப் பெற இயலாது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் பி.எஸ்.ஏ. ஆலையிலிருந்து வரும் ஆக்சிஜனின் தூய்மை 93 சதவீதத்தை ஒட்டியே இருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, இது மூச்சை மறைக்கிறது. இவ்வளவு வாயு பாயும்போது வெளிவரும் கரியமில வாயு நீர்த்துப்போவதால், நாசி வழிக் கேப்னோகிராபியின் அலை சிறுத்துவிடுகிறது அல்லது காணாமலே போகிறது. சாச்சுரேஷனோ நெடுநேரம் 99-லேயே நிற்கிறது. அதற்குள் இரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு இது சிறு விஷயமன்று. கருவி சூடாகச் சில நிமிடங்கள் ஆவதும், ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பிராங்ஸ் வேண்டியிருப்பதும் கூடுதல் செலவுகள். தொண்டை, உணவுக்குழாய்ப் பகுதியில் மின்சாரத்தால் திசுவை வெட்டும் கருவியோ, ஆர்கான் வாயுவால் சுடும் கருவியோ பயன்படுத்தும்போது, சுற்றிலும் செறிந்த ஆக்சிஜன் இருந்தால் தீப்பற்றும் ஆபத்து உண்டு என்பதையும் மறக்கலாகாது.

நீண்ட நேரச் சிகிச்சை எண்டோஸ்கோப்பி, உடற்பருமன், உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் ஆகியவை உள்ள இடத்தில், குழாய் ஆக்சிஜன் தாராளமாக இருந்து, மயக்கவியல் மருத்துவரும் அருகில் இருந்தால், ஹைஃப்ளோ மிக நல்ல தெரிவு. அதன் அருகே நிற்பவர் மார்பின் அசைவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

## மூக்கின் வழியே அழுத்தம் கொடுப்பது, மூக்குக் காற்றுவழி

மூக்கை மட்டும் இறுக்கி மூடும் கவசத்தை மயக்க இயந்திரத்தின் சர்க்யூட்டுடன் இணைத்தால், ஸ்கோப் வாயில் இருக்கும்போதே தொடர் அழுத்தம் கொடுக்கலாம். மூச்சு நின்றால் பையை அழுத்திக் காற்றும் செலுத்தலாம். இதற்கென்றே தயாரிக்கப்பட்ட கவசங்கள் உண்டு. அவை இல்லாத இடங்களில் குழந்தைகளுக்கான சிறிய முகக்கவசத்தை மூக்கின்மேல் பொருத்தி, பெயின் (Bain) சர்க்யூட் எனும் மயக்கக் குழாயமைப்புடன் இணைத்து இதே வேலையைச் செய்கின்றனர். அடைப்பையும் நின்ற மூச்சையும் ஒருசேரக் கையாள இடம் தரும் எளிய வழி இது. ஆனால் வாய் திறந்திருப்பதால் அழுத்தம் கசியும்; அழுத்தம் மிகுந்தால் இரைப்பையில் காற்று நிறையும்.

மூக்கின் வழியே தொண்டைவரை செல்லும் மென்குழாயைச் செலுத்துவது அடைப்புக்கு மலிவான தீர்வு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கும், கல்லீரல் சுருக்க நோயால் பிளேட்லெட் குறைந்தவருக்கும் மூக்கில் இரத்தம் பீறிடக்கூடும். எண்டோஸ்கோப்பிக்கு வருபவர்களில் இவர்கள் கணிசம் என்பதால் தயக்கத்துடனேயே இதைப் பரிந்துரைக்கிறேன்.

## எண்டோஸ்கோப்பிக்கான லாரிஞ்சியல் மாஸ்க், மூச்சுக்குழாய்க் குழல்

குரல்வளை வாயில் பொருந்தும் காற்றுவழியே லாரிஞ்சியல் மாஸ்க் (எல்.எம்.ஏ.). எல்.எம்.ஏ. காஸ்ட்ரோ போன்றவற்றில் இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று மூச்சுக்கு, மற்றொன்று 14 மி.மீ. வரையிலான ஸ்கோப்புக்கு. பித்தநாளத்தையும் கணையநாளத்தையும் ஸ்கோப் வழியே அணுகும் ஈ.ஆர்.சி.பி.யில் நோயாளி குப்புறவோ பக்கவாட்டிலோ கிடப்பதால், பாதி வழியில் மூச்சுப்பாதையை மீட்பது கடினம். அங்கே தொடக்கத்திலேயே இதைப் பொருத்திவிட்டால் மூச்சு நம் கையில் இருக்கும். விலை அதிகம், ஆழ்ந்த மயக்கம் தேவை, இரைப்பை நிறைந்தவருக்கு இது காப்பாகாது.

இரத்த வாந்தியுடன் வருபவர், இரைப்பையின் வெளிவாயிலில் அடைப்புள்ளவர், உணவுக்குழாயின் கீழ்வாய் சரியாகத் திறவாத அக்கலேசியா நோயாளி, கணையத்தருகே உண்டாகும் பெரிய போலி நீர்க்கட்டியை வடிக்கும் சிகிச்சைக்கு வருபவர் ஆகியோருக்கு மூச்சுக்குழாயில் குழலிடுவதே முறை. இவர்களுக்கு வேறெந்த முறையுடனும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. நீரிழிவுக்கும் எடைக்குறைப்புக்கும் தரும் செமாக்ளூடைடு போன்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கு, பட்டினி இருந்தும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கக்கூடும் என்பதால் அதையும் கேட்டறிய வேண்டும். உயர் ஆபத்துள்ள 200 பேரை ஈ.ஆர்.சி.பி.க்கு இருவகையாகப் பிரித்து 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மயக்கம் தொடர்பான சிக்கல்கள் குழலிடாத குழுவில் 51.5 சதவீதமாகவும், குழலிட்ட குழுவில் 9.9 சதவீதமாகவும் இருந்தன. கூடுதல் நேரம், மயக்க இயந்திரம், விழிக்கவைக்கும் இடம் ஆகியவை இதன் விலை. உரியவருக்கு அந்த விலையைத் தயங்காமல் கொடுக்க வேண்டும்.

## கேப்னோகிராபி

இது ஆக்சிஜன் தராது, அடைப்பைத் திறக்காது. ஆனால் மூச்சு நின்ற கணத்தைச் சொல்லும். மருந்து சென்ற சிறிது நேரத்தில் நோயாளியின் மார்புக்குழி உள்வாங்கி வயிறு மட்டும் மேலெழும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது மூச்சாகவே தோன்றும். திரையிலோ அலை தட்டையாகியிருக்கும். சாச்சுரேஷன் அப்போதும் 99. அந்த இடைவெளியில்தான் தாடையைப் பிடிக்க நேரம் கிடைக்கிறது. ஜெர்மனியில் புரோபோஃபாலுடன் கொலோனோஸ்கோப்பி செய்துகொண்ட 760 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், கேப்னோகிராபி சேர்த்ததால் சாச்சுரேஷன் வீழ்ச்சி 53.2 சதவீதத்திலிருந்து 38.9 சதவீதமாகக் குறைந்தது. அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 2011 ஜூலை முதல் மிதமான, ஆழ்ந்த மயக்கங்களிலும் இக்கண்காணிப்பைத் தன் தரநிலைகளில் சேர்த்துவிட்டது.

மாதிரி எடுக்கும் வழியுள்ள தனிப் பிராங்ஸ் விலை கூடுதல் என்று தயங்குவோர் உண்டு. மூச்சுக்காற்றைச் சிறுகுழாயால் உறிஞ்சி அளக்கும் சைட்ஸ்ட்ரீம் மானிட்டர் இருந்தால், சாதாரணப் பிராங்ஸின் ஒரு முனையை 18 கேஜ் ஐ.வி. கேனுலாவால் துளைத்து, ஊசியை உருவிவிட்டு, பிளாஸ்டிக் உறையை மட்டும் உள்ளே நிறுத்தி, அதன் வாயில் மாதிரிக் குழாயைத் திருகிவிடலாம். உறையின் நுனி மூக்கின் உட்சுவரைக் கீறாதபடி பிராங்ஸின் விளிம்புக்குள்ளேயே நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். எண் துல்லியமாக இராது. அலை வருகிறதா, நிமிடத்துக்கு எத்தனை முறை வருகிறது என்பதே நமக்கு வேண்டியது.

விரலில் மாட்டிச் சாச்சுரேஷனைக் காட்டும் ஆக்சிமீட்டரைப் பற்றியும் ஒரு சொல். கறுப்பு மருதாணியும் அடர்ந்த நகப்பூச்சும் சமிக்ஞையைத் தடுக்கலாம். கறுத்த தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு அதிகம் என்பதை 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு உணர்த்தியது. 92 என்று காட்டினால் ‘இது பரவாயில்லை’ என்று காத்திருக்க வேண்டாம் என்று நம் நோயாளிகளை எண்ணியே வலியுறுத்துகிறேன். இரத்த அழுத்தப் பட்டை கட்டிய கையிலேயே ஆக்சிமீட்டரை மாட்டினால், பட்டை இறுகும் ஒவ்வொரு முறையும் அது குருடாகிவிடும்.

## ஒரே பார்வையில்

| முறை | அடைப்பு | நின்ற மூச்சு | மூச்சைக் காட்டுமா | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| நேசல் பிராங்ஸ் | திறக்காது | ஈடுசெய்யாது | கேப்னோகிராபியுடன் காட்டும் | தாடை பிடிக்க ஓர் ஆள் |
| எண்டோஸ்கோப்பி முகக்கவசம் | திறக்காது | ஈடுசெய்யாது | காட்டும் | ஒரு முறைப் பயன்பாடு |
| ஹைஃப்ளோ | ஓரளவே | நேரம் வாங்கித் தரும் | மறைக்கும் | ஆக்சிஜன், உயர் ஓட்ட அளவி |
| மூக்குக் கவசம், சர்க்யூட் | திறக்கும் | காற்றுச் செலுத்தலாம் | காட்டும் | பயிற்சி, இரைப்பையில் காற்று |
| லாரிஞ்சியல் மாஸ்க் | திறக்கும் | காற்றுச் செலுத்தலாம் | காட்டும் | விலை, ஆழ்ந்த மயக்கம் |
| மூச்சுக்குழாய்க் குழல் | திறக்கும் | முழுமையாக | காட்டும் | நேரம், இயந்திரம் |

## ஒரு சிறிய பிரிவு எந்த வரிசையில் வாங்குவது

மயக்கமருந்து கொடுக்கும் எந்தப் பிரிவிலும் ஆம்பு பை, சரியான அளவு முகக்கவசங்கள், சக்‌ஷன், குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிஞ்சோஸ்கோப் ஆகியவை கையெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். இவை தெரிவுக்கு உரியவை அல்ல. அடுத்தது கேப்னோகிராபி. அதற்கு அடுத்து, மாதத்தில் எத்தனை பேர் உடற்பருமன், குறட்டை, இதயநோய், நுரையீரல் நோய் ஆகியவற்றுடன் வருகின்றனர் என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். குறட்டை, பகல் சோர்வு, கழுத்துச் சுற்றளவு முதலிய எட்டுக் கேள்விகளால் உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோயைக் கணிக்கும் ஸ்டாப்-பேங் படிவத்தைப் பதிவு செய்யும் இடத்திலேயே நிரப்பிவிடலாம். 3 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ எனில் கவனம் தேவை. 5 அல்லது அதற்கு மேல் எனில், மயக்கவியல் மருத்துவர் வராத நாளில் அவரைச் சேர்க்கக்கூடாது.

அத்தகையோர் குறைவாக வரும் இடத்தில், கேப்னோகிராபியும் நேசல் பிராங்ஸும் சில எண்டோஸ்கோப்பி முகக்கவசங்களும் போதும். நாள்தோறும் வருகின்றனர், குழாய் ஆக்சிஜனும் உண்டு என்றால் ஹைஃப்ளோ நியாயமான செலவு. ஏற்கெனவே கையிருப்பில் உள்ள கருவி என்றால், முதலில் சுவரில் உள்ள ஓட்ட அளவியை மாற்றுங்கள். ஈ.ஆர்.சி.பி. தொடங்கப்போகும் மருத்துவமனை, ஹைஃப்ளோவுக்கு முன்பே மயக்க இயந்திரத்தையும் அதற்கான மருத்துவரையும் உறுதி செய்ய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

## ஸ்கோப் வெளியே வந்த பிறகு

எல்லா முறைகளுக்கும் பொதுவான பலவீனம் இங்கே உண்டு. ஸ்கோப் உள்ளே இருக்கும்வரை அதன் உறுத்தலே நோயாளியை ஓரளவு விழிக்க வைக்கிறது. அது வெளியே வந்ததும் உறுத்தல் போய், மருந்து மட்டும் எஞ்சுகிறது. அதே நேரத்தில் பிராங்ஸைக் கழற்றி, ஸ்ட்ரெச்சரை வராந்தாவில் தள்ளிக்கொண்டு போகிறோம். சாச்சுரேஷன் இறங்குவதை எவரும் பார்க்காத சில நிமிடங்கள் இவை. நோயாளியை இடப்பக்கமாகச் சாய்த்தே வைத்து, ஆக்சிஜனையும் ஆக்சிமீட்டரையும் மாட்டியபடியே மீட்பறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பேர் சொல்லி அழைத்தால் தெளிவாகப் பதில் சொல்லும்வரை அவற்றைக் கழற்றக்கூடாது. ஃபுளுமாசெனில் கொடுத்து எழுப்பியவரை இன்னும் கூடுதல் நேரம் வைத்திருக்க வேண்டும். அதன் விளைவு மிடசோலத்தின் விளைவைவிட முன்னதாகவே தீர்ந்துவிடும் என்பதால், நன்றாக விழித்து எழுந்து உட்கார்ந்தவரும் மீண்டும் தூக்கத்தில் ஆழக்கூடும்.